நான் வெட்டிய பதினோரு விநாடி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் சேனல் பேட்டியில் ஒரு நகைச்சுவை நடிகர் சொன்னது இதுதான்: "ஒரு தயாரிப்பாளர் என் முகத்துக்கு நேராவே சொன்னார், கறுப்பா இருக்கறவங்களை எவன் பார்ப்பான்னு. அன்னிக்கே அந்தப் படத்தை விட்டுட்டு வந்துட்டேன்."

நெறியாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். நடுவுல அந்த 'எவன் பார்ப்பான்' மட்டும் போதும்."

நடிகர் எதிர்க்கட்சிக்குப் பிரசாரம் செய்கிறார். தேர்தலுக்கு மூன்று வாரம்.

"சார், அது அவர் கருத்து இல்லையே."

"அவர் வாயிலேர்ந்துதானே வந்துச்சு?"

பதினோரு விநாடி. வெட்டினேன். சேனலில் அதுதானே என் வேலை.

மார்ச் 5, புதன்

நிறவெறியன் என்று ஊரே காறித் துப்புகிறது. அமைச்சர் கேமரா முன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் பல்லைக் காட்டும் நடிகை மூன்று பத்தியில் கண்டனம் விட்டிருக்கிறார். அதைப் படித்துக் காட்டிவிட்டு இடைவேளை விட்டோம். இடைவேளையில் அதே கிரீம்.

மார்ச் 7, வெள்ளி

நடிகரின் இரண்டு படங்கள் கை நழுவின. விளக்கம் கொடுத்தால் 'சமாளிக்கிறார்', கொடுக்காவிட்டால் 'வாய் திறக்கவில்லை'. இரண்டு தலைப்பும் தயாராக இருந்தன.

மார்ச் 10, திங்கள்

ஒப்பனை அறை அக்கா ஆறு வருடமாக நெறியாளருக்கு முகப்பூச்சு போடுகிறார். நெறியாளர் அவரைக் கூப்பிடுவது 'கரிக்கட்டை' என்று. "விளக்கைப் போடு கரிக்கட்டை, நீ எங்க நிக்கறேன்னே தெரியல." எல்லோரும் சிரிப்போம். இன்று அவரையே விவாதத்தில் வந்து உட்காரச் சொன்னாராம்: "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா எடுபடும்." திடீரென்று 'உங்களை'!

அக்கா உட்காரவில்லை. நேரே நிர்வாக அதிகாரியிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அதிகாரி சொன்னது: "டிவியில ஒண்ணு ஓடுதுன்னு நீங்களும் கிளம்பிட்டீங்களா?"

மார்ச் 11, செவ்வாய்

அக்கா என் அறைக்கு வந்தார். "தம்பி, அந்த ஆள் நெஜமாவே அப்படிச் சொன்னாரா? முழுசாப் போட்டுக் காட்டுங்க."

இரண்டு முறை பார்த்தார். குரலே உயரவில்லை.

"எனக்காகப் பேசற மாதிரி பேசி, நிறவெறின்னு எனக்குன்னு இருந்த ஒரே வார்த்தையையும் கெடுத்துட்டீங்களே."

எனக்கென்ன வந்தது? சொன்னாங்க, செஞ்சேன். சொன்னா செய்யற ஆளு நான். த்தூ.

மார்ச் 12, புதன்

முழுப் பதிவையும் நடிகரின் வக்கீலிடம் கொடுத்தேன். வெட்டியவன் நானே என்று கையெழுத்தும் போட்டேன்.

"வேலை போயிடுமே" என்றாள் மனைவி.

"போகும்."

"சரி, சாப்பிட வாங்க."

மார்ச் 20, வியாழன்

சேனல் நான்கு விநாடி வருத்தம் தெரிவித்தது. காரணம் தொழில்நுட்பக் கோளாறாம். அந்தக் கோளாறை நேற்றே வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள்.

நடிகருக்குப் பாராட்டுக் கூட்டம். "இனிமே எவன் நிறவெறின்னு கத்தினாலும் நான் நம்ப மாட்டேன்" என்றார். அரங்கம் அதிரக் கைதட்டல். இந்த மகானுக்காகத்தான் வேலையை இழந்தேன். நெறியாளர் மட்டும் சும்மா இருப்பாரா? இன்றைய விவாதத் தலைப்பு: 'நிறவெறிப் புகார்கள் — அத்தனையும் பொய்யா?'

ஏப்ரல் 3, வியாழன்

அக்காவின் புகார் மீது விசாரணை. சாட்சி சொல்ல நான் மட்டும் போனேன்.

"வெட்டி ஒட்டினவன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்க பேச்சை எப்படி நம்பறது?" என்றார் அதிகாரி. நியாயமான கேள்விதான்.

"என்னை நல்லவன்னு நம்ப வேண்டாம். அவர் கரிக்கட்டைன்னு கூப்பிட்டப்பல்லாம் நான் சிரிச்சேன். ஆறு வருஷம். அதை எழுதிக்குங்க."

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எழுதினாரா?"

"எழுதினார். படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா பக்கத்தில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அங்கே உட்கார்ந்தேன்.