ஏசி பேனலைத் திரும்ப மாட்டிவிட்டேன்

அக்கா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. கார் சாவி ஃபிரிட்ஜ் மேல். காரை வாங்கப் போகிறவர் சாயங்காலம் வருவார், நீயே கொடுத்துவிடு.

ஆமாம், தெரிந்துவிட்டது. காலையில் ஏசி பேனலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏசிய தம்பி சரி பண்ணிக் குடுத்துடுவான்னு உங்க அக்கா சொன்னாங்க. அதான் பேசி முடிச்சுட்டோம்" என்றார். நான் அசடு மாதிரி தலையாட்டினேன்.

"நைட் ஷிப்ட்ல கெடந்து சாகாதடா, வேலைய விடு, இந்தக் கார வாடகைக்கு ஓட்டு" என்று சொன்னது நீதானே? அதை நம்பித்தான் வேலையை விட்டேன். எனக்கென்று நினைத்துத்தான் அந்தப் பேனலில் கை வைத்தேன்.

முதல் தடவை மாட்டியபோது உள்ளே இருக்கும் கேபிளை மாற்றிக் கோத்துவிட்டேன். குமிழை நீலத்துக்குத் திருப்பினால் அனல் அடித்தது. அப்படியே விட்டுவிடலாம், நீயாச்சு அவராச்சு என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை. மறுபடி கழற்றி மாட்டினேன். இப்போது நீலத்தில் குளிர், சிவப்பில் சூடு.

பழைய சூப்பர்வைசரைப் பார்க்கப் போகிறேன், திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்க. போன் பண்ணாதே.

"விக்கப் போறேன்டா, சரி பண்ணிக் குடு" என்று நீ கேட்டிருந்தாலும் இதே வேலையை இதே மாதிரிதான் செய்திருப்பேன்.

இன்னொன்று. பேனல் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, என் ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. அதையாவது அவரிடம் முன்னாடியே சொல்லிவிடு.