எமிலின் இடத்தில் நின்ற நாற்காலி

பிட்ஸ்பர்க்,
19 பிப்ரவரி 1984, ஞாயிறு.

அன்பு மகன் எமிலுக்கு அம்மா எழுதுவது. நீயும் டார்லீனும் குட்டி கார்லாவும் ஹூஸ்டனில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். இங்கே அப்பாவும் நானும் நலம் என்று எழுதலாம், எழுதினால் அதில் பாதிதான் உண்மை, மீதியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. கார்லாவின் டீச்சர் அவரவர் அப்பாவின் ஊர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறாள், நீ கொஞ்சம் எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய், அது சுலபம். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, 'இந்த ஊர் எங்களுக்கு ஒட்டலம்மா, என் இடத்தைப் பாத்து வச்சுக்கோ, கோடைக்குள்ள மூட்டை கட்டிக்கிட்டு மொத்தமா வந்துடறோம்' என்று, அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். முதலில் கார்லாவுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அதற்குள் தைரியம் வந்தால் சரி.

நான் அவள் வயதில் பள்ளிக்கூடம் போகும்போது காலை பத்து மணிக்கும் தெருவிளக்கு எரியும் என்று சொல். எஃகு மில் புகை அப்படி. நகரத்துக்குள் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் பையில் இன்னொரு வெள்ளைச் சட்டை கொண்டுபோவார்கள், காலையில் போட்டதன் கழுத்து மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். துணி உலர்த்துவதற்கு முன்னால் என் அம்மா வாசலில் வந்து நின்று காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மோந்து பார்ப்பாள், ஆற்றுப் பக்கமிருந்து வந்தால் ஈரத்துணி வாளியிலேயே கிடக்கும். ஜன்னல் கட்டையைக் காலையும் மாலையும் துடைப்போம். துணியில் கரி அப்பிக்கொண்டு வந்தால் அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள், ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். ஒன்றும் ஒட்டாமல் வந்துவிட்டால் அவள் முகம் சுண்டிவிடும், மில்லில் வேலைநிறுத்தம் அல்லது ஆள்குறைப்பு என்று அர்த்தம், அந்த வாரம் முழுக்க முட்டைக்கோஸ் சூப்தான். இதை எழுதும்போதே நடுவில் எழுந்துபோய் ஜன்னல் கட்டையைத் துடைத்துவிட்டு வந்தேன், இன்றைக்கு மூன்றாவது தடவை. துணி வெள்ளையாகவே இருக்கிறது. மில்லை மூடி இரண்டு வருஷமாக அப்படித்தான். ஊர் சுத்தமாகிவிட்டது என்று பேப்பரில் பெருமையாகப் போடுகிறார்கள், எனக்கு அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தால் அம்மாவின் முட்டைக்கோஸ் சூப்தான் ஞாபகம் வருகிறது.

அவள் அப்பா சின்னப் பையனாக இருந்ததையும் சொல்லவேண்டும் அல்லவா. மூன்று மணிக்கு மில் சங்கு ஊதியதும் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டுவோம், சங்குக்கும் சூப் கொதிப்பதற்கும் கணக்குச் சரியாக இருக்கும். உன் அப்பா முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது. வீட்டுக்கு அடியில் இருக்கும் அறைக்கதவைத் திறந்து உள்ளே வந்து அங்கேயே அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டு மனிதராகித்தான் மேலே ஏறுவார், கண்ணைச் சுற்றி மட்டும் மை தீட்டியது மாதிரி கரி நிற்கும். நாலு வயதில் நீ ஒருநாள் குளிக்காத அப்பாவைப் படியில் பார்த்துவிட்டுத் திருடன் திருடன் என்று அலறினாய், எதிர்வீட்டு கொன்செட்டா மாவுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் பெயர் சொல்லி 'என்ன ஜூராய், திருடப் போகலையா' என்றுதான் கேட்பாள். உன் கல்யாணத்தையும் கார்லாவிடம் சொல், கேக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, நம் தெருப் பெண்கள் பதினாலு பேர் ஒரு மாதம் சுட்டு அடுக்கிய பிஸ்கட்டு மேஜையைத்தான் மொய்த்தார்கள். வெளியூர்க்காரியான உன் மாமியார் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டாள், கொன்செட்டாவுக்குப் பொறுக்கவில்லை. 'கடையா, இந்தக் கையைப் பாரும்மா, சூடு பட்ட தழும்பு, இதுதான் கடை' என்று கையை நீட்டிக் காட்டினாள். என்னுடைய வால்நட் ரொட்டி முதலில் தீர்ந்ததா அவளுடைய சோம்பு பிஸ்கட் முதலில் தீர்ந்ததா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

இவ்வளவு போதும் அவளுக்கு. பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை வாசல்வரை போய் வந்தேன். அப்பா எதிர் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்து 'யாருக்கு இவ்வளவு நீளமா எழுதறே' என்கிறார், கார்லாவின் பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லியிருக்கிறேன், பாதிப் பொய்.

நாற்காலி வழக்கம் டெக்சஸில் கிடையாது என்பதால் இதைக் கார்லாவுக்கு நீதான் விளக்கவேண்டும். பனி கொட்டினால் யார் தன் கையால் அள்ளித் தெருவில் வண்டி நிறுத்த இடம் உண்டாக்குகிறாரோ அவர் அதில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்த இடம் அவருடையது, போலீஸ்காரன்கூடத் தொடமாட்டான். நம் சமையலறையில் நீ உட்காரும் அந்தச் சிவப்பு ரெக்சின் நாற்காலி, மெத்தை கிழிந்து கறுப்பு டேப் ஒட்டியிருக்குமே, அதைத்தான் நீ எப்போதும் கொண்டுபோய் வைப்பாய். நீ ஹூஸ்டனுக்குக் கிளம்பிய அன்று உன் பச்சைக் கார் திரும்பி மறைந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை, அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் உன் இடத்தில் வைத்துவிட்டேன். பனி இல்லை, ஒன்றும் இல்லை, அக்டோபர் மாசம். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன், பதினாறு மாதம் ஓடிவிட்டது. ராத்திரி உள்ளே எடுத்து வைப்பேன், காலையில் மறுபடி கொண்டுபோய் வைப்பேன். கொன்செட்டா கேலி செய்து ஓய்ந்துவிட்டாள், 'ஜூலை மாசத்துல என்னடி பனி, நாற்காலிக்கு வெயில் காய வைக்கிறியா' என்பாள், ஆனால் அவள் வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒருவரையும் அங்கே வண்டி விட விட்டதில்லை. அவள் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் நோரீன் இரவு வேலை முடித்து விடிந்து வருவாள், தெருவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியைக் கீழே மாதா கோயிலருகே விட்டுவிட்டு நம் மேட்டுத் தெருவுக்கு வரும் அந்தத் தொண்ணூற்று நாலு படியையும் ஏறி வருவாள். ஒருநாள்கூட அந்த இடத்தைக் கேட்டதில்லை. ஜன்னலிலிருந்து பார்ப்பேன், பாவமாகத்தான் இருக்கும், பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவேன். இவ்வளவு கல்நெஞ்சக்காரியா நான் என்று இப்போது தோன்றுகிறது.

இனி மறைத்துப் பிரயோசனமில்லை எமில். பதட்டப்படாமல் படி, அப்பா இதோ என் கண் எதிரில் சூப் குடித்துக்கொண்டிருக்கிறார், அதை முதலில் மனதில் வைத்துக்கொள். ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை முழங்கால் உயரம் பனி. காலையில் அவர் மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசலை மட்டும் ஒதுக்கிவிட்டு வந்தார். நான்தான், என் வாய்தான், 'எமில் இடத்தை மறந்துட்டீங்களே' என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் திரும்பிப்போய் அரை மணி நேரம் அள்ளினார், நாற்காலியையும் வைத்தார், உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் பனியில் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். கொன்செட்டாவுக்குப் போன் செய்தேன், அவள் தன் மருமகன் டொமினிக்கைக் கூப்பிட்டாள், அவன் பக்கத்துத் தெருவிலிருந்து ஆறே நிமிஷத்தில் வேனோடு வந்துவிட்டான். இரண்டு பக்கமும் பனி மூடிய வண்டிகள், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான், தெரு முழுக்க நிறுத்துவதற்கு ஒரே ஒரு இடம், அதில் நம் நாற்காலி. வேன் அங்கே வந்து நின்றது. நான் ஜன்னலைத் திறக்க முடியாமல் கண்ணாடியைத் தட்டி எடுத்துப் போடு எடுத்துப் போடு என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நாற்காலியைத் தொடாதே என்று விரட்டுகிறேன் என நினைத்துக்கொண்டு, கவலைப்படாதீங்க தொடமாட்டேன் என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் நின்ற நிலை உனக்குப் புரியுமா. கோயிலருகே வேனை விட்டுவிட்டு அந்தப் பனியில் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றான், பத்து நிமிஷம் போய்விட்டது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, இந்த ஊரில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான், நீயும்தான்.

வழியிலேயே அவனைப் பார்த்துவிட்டு நோரீனும் கூட வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'இவரை ஒரு எட்டுகூட நடக்க விடக்கூடாது' என்றாள். வேனை மேலே கொண்டுவரலாம் என்றால் அதற்குள் பனி கரைய உப்பு போடும் லாரி வளைவில் சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. அவள் வெளியே போனாள், நாற்காலியைத் தூக்கினாள், உள்ளே கொண்டுவந்து வைத்தாள். டொமினிக் அந்த நேரத்திலும் 'ஐயோ, அது எமிலோடது' என்றான். 'எமிலோட அப்பாவுக்குத்தானே, பிடிங்க' என்றாள் அவள். அப்பாவைப் போர்வையால் அதில் கட்டி உட்காரவைத்து முன்னால் டொமினிக், பின்னால் நோரீனும் மூலைவீட்டு லோம்பார்டியும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் சாம்பலோ உப்போ கையில் அள்ளிக்கொண்டு வந்து அவர்களுக்கு முன்னால் படியில் வழுக்காமலிருக்கத் தூவிக்கொண்டே போனார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தார்கள். உன் அப்பா அந்த நிலையிலும் 'போப்பாண்டவர் மாதிரி தூக்கிட்டுப் போறீங்களேடா' என்றார். அவர் பேசியதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இன்னும் பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் இதயத்துக்கு இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தப் பத்து நிமிஷம் நான் வைத்த பத்து நிமிஷம். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. உனக்குத் தகவல் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், 'அவனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேலையை விட்டுட்டு வந்து நிப்பான்' என்றார், அந்தப் பயம்தான் எனக்கும். போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது உன் வரிக்குப் பதில். வா என்று எழுதக் கை துடிக்கிறது, பொய் சொல்லமாட்டேன், தினமும் மூன்று மணிக்கு சங்கு ஊதாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் நான் நிலைகொள்ளாமல் சுற்றுவது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் போன மாதம் மில் உலையை வெட்டித் துண்டு துண்டாக லாரியில் ஏற்றிவிட்டார்கள், அப்பா கேட்டருகே நின்று பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். இங்கே உனக்கு வேலை இல்லை கண்ணு. அங்கே ஏசி பழுதுபார்க்கிற வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்கிறாய், அந்த ஊரில் வெயில் இருக்கும்வரை அது இருக்கும். அப்பாவுக்காக வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாயானால் அவர் அதைத் தாங்கமாட்டார். நான் பதினாறு மாதம் தெருவில் ஒரு பொய்யை உட்காரவைத்திருந்தேன், அதை நம்பி நீயும் அங்கே காலை ஊன்றாமல் நிற்கிறாய், தப்பு என்னுடையது. ஊன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாயே, டார்லீனிடம் ஒரு தட்டு வால்நட் ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பச் சொல், செய்முறையை இதோடு வைத்திருக்கிறேன், அப்புறம் அவர்கள் பேசாமல் இருக்கட்டும் பார்க்கலாம்.

ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு போட்டு மூன்று பேரும் வாருங்கள், அதற்குமேல் வேண்டாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இரு, அப்பா லேசாகச் சளி என்பார், சரி என்று கேட்டுக்கொள், அவராகச் சொல்லும்வரை விடு. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும், கார்லாவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம், வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நோரீன் வேலையிலிருந்து வந்து நம் வாசலருகே வண்டியை நிறுத்தி இறங்காமலே 'நாற்காலியைக் காணோமே, யாராவது தூக்கிட்டாங்களா' என்று பதறிக்கொண்டு கேட்டாள். 'நான்தான் எடுத்தேன், வண்டியை விடு' என்றேன். அவள் நம்பாமல் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக அந்த இடத்தில் விட்டாள். இன்றைக்கும் அவளுடைய நீலக் கார்தான் அங்கே நிற்கிறது. ஈஸ்டருக்கு நீங்கள் வந்தால் காரை எடுத்துவிடுகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வண்டியைக் கோயிலருகே விட்டுவிட்டுப் படியேறி வா. தெருவில் இருந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நாற்காலி சாப்பாட்டு மேஜையோரம் அதன் பழைய பக்கத்தில் இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

உன் அம்மா,
வெரோனா ஹுடாக்