இன்னும் ஒரு பதினெட்டு நாள்

பாகூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், புனே மழையில் நனையாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்தில் நின்று பாதியைப் பறித்துக்கொள்வார், இந்த வெற்றியை நான்தான் முழுசாகச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் கண்ணையன் பெரியப்பா தன் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திறந்துவிட்டு, எது தன் மடை என்று தெரியாமல் வரப்பில் நின்றாரே, அதை மறதி நோய் என்றார் டாக்டர். அவர் தம்பியான உன் அப்பாவுக்கும் பிரஷர், சர்க்கரை, சிகரெட் எல்லாம் இருக்கிறது, நாற்பத்தொன்பது வயதில் இவற்றை அடக்கினால் அந்த ஆபத்து குறையும், வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். நான் படித்த திமிரில் போனில் கண்டதையெல்லாம் வாசித்துக் காட்டிப் பயமுறுத்தினேன். "உங்க அண்ணன் மாதிரி ஆயிடுவீங்க" என்று சோறு போடும்போதே சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பயம் ஒரு வாரம் நின்றது, பிறகு டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து புகைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டினார். பதினெட்டு நாளும் சிகரெட் இல்லை, குடி இல்லை, எங்கே போனாலும் நடைதான். வருஷா வருஷம் நடப்பதுதான், பதினெட்டு நாள் விட முடிந்தவரால் மேலும் விட முடியுமே என்று நான்தான் யோசித்ததில்லை. காப்பு அவிழ்த்த மறுநாளே விட்டதையெல்லாம் வட்டியோடு பிடிப்பதுதான் நம் ஊர் ஆண்களின் தப்பு. அதனால் கோயிலில் முறைப்படி அவிழ்த்துவிட்டு வந்த அன்று மாலை, முதலில் என் கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். ஊறுகாயையும் கருவாட்டையும் நான் விடுகிறேன், தலை வலித்தால்தான் பிரஷர் மாத்திரை போடுவது என்ற என் பழக்கத்தையும் விடுகிறேன், நீங்கள் இன்னும் ஒரு பதினெட்டு நாள் மட்டும் வாருங்கள் என்றேன். "இன்னாடி, அம்மனுக்கே போட்டியா?" என்று சிரித்தார், ஆனால் கையை நீட்டினார்.

அது முடிந்ததும் இன்னொரு பதினெட்டு, அப்புறம் இன்னொன்று. ஆறாவதில் ஒரு கல்யாண வீட்டில் விரதத்தில் வழுக்கிவிட்டார், தலையைக் குனிந்துகொண்டு அவரே வந்து சொன்னார், நான் திட்டவில்லை, மறுநாள் புதுக் கயிறு கட்டினேன். இப்போது வயலுக்கு வண்டி எடுப்பதில்லை, பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறோம். அவருக்குச் சில நாள் தம்பி பெயர் வருவதில்லை, கையை மட்டும் விடமாட்டார். டீக்கடை சூசைநாதன் அண்ணன், "இன்னாபா ஒலகநாதா, பொண்டாட்டி கயிறு கட்டி ஓட்டிக்கினு போவுதா?" என்று தினமும் கேலி செய்தவர், போன மாதம் அவரே கையை நீட்டி, "சாமிதான் வேற, பிரஷரு ஒண்ணுதான தங்கச்சி, எனக்கும் ஒண்ணு கட்டு" என்றார்.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு பிரஷர் அடங்கிவிட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது என்றார். அதைவிடப் பெரிய சேதி, பதினேழாவது கயிறு மாற்ற வேண்டிய அன்று நான் காய்ச்சலில் எழ முடியாமல் படுத்திருந்தேன். அப்பா தனியாக நடந்துவிட்டு வந்து, பல்லால் கடித்து இழுத்துத் தன் கையில் தானே கட்டிக்கொண்டு, என் கையிலும் கட்டி, "நடுவுல வுடக்கூடாதுடி" என்றார். காய்ச்சலோடு சிரித்தேன். இத்தனை மாதம் நான் இழுத்துக்கொண்டு போனவர், அன்று என்னை இழுத்தார். ஜெயித்தது அன்றுதான் மகளே.

நீ நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்காதே, நேரத்துக்குத் தூங்கு. அம்மன் அருளால் நீ நீடூழி வாழ வேண்டும். தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு ஒன்பதாம் நம்பரில் நடக்கிற ஷூ ஒரு ஜோடி மறக்காமல் வாங்கி வா, இங்கே வாங்கியது அடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
மஞ்சுளா உலகநாதன்