ஆட முடியுமா என்று கேட்டவன்

அன்பு மகளே,

நேற்று இறுதிப் போட்டியில் என் அணி தோற்றது. அணித்தலைவியின் கணுக்கால் வீங்கியிருந்தது. அவளை ஆட்டத்தில் இறக்க மறுத்தேன்.

"ஒண்ணுமில்ல சார், ஆடிடுவேன் சார்" என்று அழுதாள். அவள் தந்தை வேலிக்கு அப்பாலிருந்து, "பிள்ளையே ஆடுறேன்னு சொல்லுது, உமக்கு எங்கய்யா வலிக்குது? கப்பை அவங்க வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரும்!" என்று கத்தினார். ஆட்டம் முடிந்தபின் எவரும் என்னோடு பேசவில்லை. பந்துகளை நானே பொறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். இங்கும் பேச ஆளில்லை.

மகளே, "ஆட முடியுமா?" என்று அவளை நான் கேட்கவே இல்லை. தோழியர் சூழ நிற்கையில் எந்தக் குழந்தை முடியாதென்று சொல்லும்? என் அணியில் நீ ஆடிய நாளில் உன்னை அப்படித்தான் கேட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளையை, அத்தனை பேர் முன்னிலையில், அடிபட்ட முழங்காலைப் பாராமல் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "முடியும்ப்பா" என்றாய். அந்த ஒற்றைச் சொல்லைக் கேடயமாய் ஏந்தி ஆறாண்டுகள் வாழ்ந்துவிட்டேன்! "அவளே ஒப்பினாள், அவளே ஆடினாள்" என்று உன் அம்மாவிடம் முழங்கினேன், மருத்துவரிடமும் முழங்கினேன். அது உன் ஒப்புதல் அன்று. கேள்வியின் உடையணிந்த என் கட்டளை!

மன்னிப்பை நான் கேட்டுப் பெற இயலாது. ஆயினும் அந்த ஆட்டத்தால் உன் முழங்காலுக்கு நேர்ந்த அறுவை முடிந்த நாள்முதல் ஒருமுறையும் கேட்காததை இன்று கேட்கிறேன்: படியேறும்போது இன்னும் வலிக்கிறதா, அம்மா?

உன் மடல் வராத வீட்டிலிருந்து,
அப்பா