பாஸ்டரம்மாவுக்குப் பிறகு

ஜூன் 2, திங்கள்

சாவியை இன்று கொடுத்துவிட்டேன். பாஸ்டர் வீட்டில் எங்களுடையது என்று பிரித்து எடுத்தால் ஒரு சின்ன வண்டிகூட நிறையவில்லை. கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் சபைச் சொத்து. ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்டில் எண் எழுதியிருக்கும். எனக்கு மட்டும்தான் எழுதவில்லை. பாஸ்டராக இருந்த என் வீட்டுக்காரர் பிப்ரவரியில் இறந்தபோதே நான் காலி செய்திருக்க வேண்டும், இவ்வளவு நாள் பொறுத்தார்கள். குறை சொல்ல முடியாது.

இனி தங்கை வீட்டு மாடி அறை. கீழே முன்னறையில் அவள் தையல் மெஷின். துணி கொடுக்க வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து யார் இது என்று கேட்டாள். "எங்க அக்கா" என்றாள் தங்கை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கல்யாணமான நாளிலிருந்து நான் எல்லோருக்கும் பாஸ்டரம்மா. அந்த வார்த்தை இல்லாமல் நின்றது, செருப்பில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டது போல் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்னதும் என் கால்கள் தாமாகவே நடந்துபோய் வாசலில் நின்றுவிட்டன. எத்தனை வருஷப் பழக்கம். வெளியே வருகிறவர்களுக்குக் கை கொடுப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா என்று விசாரிப்பது. புதுப் பாஸ்டர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். முதலில் வந்தவர்கள் கை கொடுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் என்னைத் தாண்டிப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்கள். திரும்பினேன். புதுப் பாஸ்டரம்மா. இடுப்பில் குழந்தையோடு, நிற்க இடமில்லாமல்.

"பரவாயில்லம்மா, நீங்களே நில்லுங்க" என்றாள்.

நல்ல பெண். முகம் சுளித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுந்திருக்க மனமில்லை.

ஜூன் 13, வெள்ளி

கேஸ் இணைப்பு மட்டும் எங்களுடையது. அவர் பெயரில் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், அவர் இறந்துவிட்டால் அது தானாக மனைவிக்கு வந்துவிடாது, நீங்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றாள். சரி என்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது திடீரென்று தோன்றியது — கர்த்தரும் அவர் பெயரில்தான் இருந்தாரோ?

அதிலிருந்து இதே நினைப்பு. நான் ஜெபித்ததெல்லாம் யாருக்காகவோதான். பரீட்சை எழுதுகிற பிள்ளை, வரன் அமையாத பெண், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர். அவர்களுக்காக என்றால் மடை திறந்தது போல வரும். எனக்காக என்று முழங்கால் போட்டால் வாய் கட்டிக்கொள்கிறது. கர்த்தருக்கு என்னைத் தெரியுமா, இல்லை பாஸ்டர் மனைவியை மட்டும்தான் தெரியுமா? எனக்கே தெரியவில்லையே, அவரை என்ன கேட்பது.

ஜூன் 15, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி ஆலயத்துக்குப் போகவில்லை. தலைவலி இல்லை.

ஜூன் 21, சனி

சபையிலிருந்து இரண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தியின் மருமகளுக்கு இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை. ஜெபியுங்கள் பாஸ்டரம்மா என்றாள். ஜெபித்தேன். ஏற்ற இறக்கம், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எல்லாம் சரியாக வந்தது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே எனக்கு ஒன்றுமே இல்லை. யாரோ திருகிவிட்ட ரேடியோ மாதிரி பாடி முடித்திருந்தேன்.

தங்கை கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போல. "நீ தனியா ஜெபம் பண்றப்பவும் மைக் முன்னாடி நிக்கிற மாதிரிதான் பேசுவியாக்கா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆலயத்துப் பக்கமே தலை காட்டாதவளுக்கு என்ன தெரியும் என்று கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

தனியாக நான் ஜெபிப்பதே இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஜூன் 27, வெள்ளி

செத்துப்போனது அவர். புதைத்தது என்னையும் சேர்த்து. மேலே நடமாடுவது யாரென்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

தங்கை நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. வெட்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கப் பார்த்தேன். சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா. ஊசிக்குள் நூல் நுழையவில்லை. நாக்கில் நனைத்து, முறுக்கி, மறுபடி, மறுபடி. அவ்வளவுதான், அதற்கு மேல் தாங்கவில்லை.

கர்த்தரிடம் வாய்விட்டுக் கத்தினேன். அவரு போனதும் நீங்களும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களா — நான் யாரு உங்களுக்கு — வேலைக்காரியா, அவரோட சேத்து வந்த இலவசமா — சொல்லுங்க, ஏன் பேசாம இருக்கீங்க. ஸ்தோத்திரம் இல்லை, ஆமென் இல்லை. மூக்கு ஒழுகியது.

பதில் வரவில்லை. ஒளி தெரிந்தது, குரல் கேட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அழுது ஓய்ந்தபோது ஒன்று தெரிந்தது. எப்படி எழுதுவது? அழுதது நான் மட்டும் இல்லை. நான் தொடங்குவதற்கு முன்பே எனக்குள் கர்த்தர் இருந்து அழுதுகொண்டிருந்தார். நான் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டேன். அவர் எட்ட நின்று பார்க்கவில்லை. என் மூச்சு எங்கே முடிகிறது, அவர் எங்கே தொடங்குகிறார் என்று பிரிக்க முடியவில்லை. கிறிஸ்து நமக்குள், நாம் கிறிஸ்துவுக்குள் என்று என் வீட்டுக்காரர் எத்தனை பிரசங்கம் செய்திருப்பார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, யார் ஃபேனை நிறுத்தியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று ஒன்றும் இல்லை. வெறும் சுவர். நேற்று நடந்தது வெயில் மயக்கமோ, பசியோ? முழங்கால் போட்டேன். வாய் கட்டிக்கொண்டது. எழுந்து போகாமல் அப்படியே இருந்தேன், கொஞ்ச நேரம்.

ஜூலை 11, வெள்ளி

பயமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாதவளாக மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவது? ஆனாலும் தினமும் மாடியில் போய் உட்காருகிறேன். என்னைப் பற்றிக் கர்த்தரிடம் சொல்ல எதுவும் இல்லை. அவரும் கேட்பதில்லை.

ஜூலை 19, சனி

சபைச் செயலாளர் வந்திருந்தார். கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்களாம். முதல் வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி, பெண்கள் ஐக்கியத்துக்கு நானே தலைவி. "எல்லாரும் உங்களைப் பழையபடி பாஸ்டரம்மான்னே கூப்பிடுவாங்க. அந்தப் புதுப் பொண்ண வேணும்னா சின்ன பாஸ்டரம்மான்னு வச்சுக்கலாம்" என்றார், பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட முகத்தோடு.

போன மாதம் வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். இன்றும் ஆசை இல்லாமல் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது, சரி என்ற வார்த்தை.

"வேண்டாங்கய்யா. நான் பின்னாடி எங்கயாவது உக்காந்துக்கறேன்."

அவர் போனபிறகு தங்கை மெஷினை நிறுத்திவிட்டு, இதற்காகத்தானே இத்தனை நாள் அழுதாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கே எழுதலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடி அதற்குள் ஒளிந்துகொள்வேன். என் குணம் எனக்குத் தெரியும். நான் யாராகவும் இல்லாமல் தரையில் கிடந்தபோது கர்த்தர் என்னைத் தன்னுடையவளாக வைத்திருந்தார். அது போதுமா? போதும் என்றுதான் தோன்றுகிறது. தெருமுனை வரை ஓடிச் செயலாளரைக் கூப்பிட்டுவிடலாமா என்றும் தோன்றியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று என் வீட்டுக்காரருக்காக அழுதேன். முதல் தடவை. இத்தனை மாதமும் அழுததெல்லாம் எனக்காக, போன வீட்டுக்காக, போன பெயருக்காக.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாஸ்டர் நினைவுக்கு வரவில்லை, அந்த மனிதர் வந்தார். ஞாயிறு காலை வயிறு கலங்கிக் கழிப்பறைக்கு ஓடுகிறவர். சாக்ஸைத் தொலைத்துவிட்டு என்னைத் திட்டுகிறவர். எந்தப் பாட்டுக்கும் சுருதி சேராதவர். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கர்த்தரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன், கர்த்தருக்கு என்னவோ தெரியாதது போல. நடுவில் சிரிப்பு வந்தது, பிறகு மறுபடி அழுகை. துணியெல்லாம் காய்ந்து மொடமொடவென்று ஆகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.