எந்தக் கடிதத்துக்குப் பதில்?

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
2-3-1985

அன்புள்ள மச்சானுக்கு ஜுமைலாவின் சலாம்.

இங்கே எல்லோரும் சுகம். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உங்களுக்காகத்தான் தட்டுத் தடுமாறித் தமிழில் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் லேசர் ஆராய்ச்சி, ஒரு வரி நான். அந்த வரியும் என்னுடைய எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று தெரிவதில்லை. தேதியைக் குறிப்பிட்டு எழுதினால் கை தேய்ந்தா போகும்?

சுள்ளிக்கல் பள்ளியில் டீச்சர் வேலை காலியாம். கேட்கட்டுமா?

உங்கள்
ஜுமைலா

*

கொச்சங்காடி
10-3-1985

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் வருமுன்பே இன்னொன்று எழுதுகிறேன். நேற்றுச் சாயா குடிக்கும்போது வாப்பா சொன்னார்: "அவன் போய் நாலு வருசமாச்சு மோளே. அவன் வரவும் மாட்டான், உன்னெக் கூப்பிடவும் மாட்டான். ஜமாத்துல குலா கேட்டு நிக்காஹெ முறிச்சுக்கோ."

எனக்கு உங்களோடு இருக்கத்தான் ஆசை. ஆனால் அதை நான் மட்டும் சொன்னால் போதாது. குலா கேட்கட்டுமா, வேண்டாமா?

உங்கள்
ஜுமைலா

*

இங்கிலாந்து
13-3-1985

அன்புள்ள ஜுமைலா,

கடிதம் கிடைத்தது. தாராளமாகக் கேள். எனக்கு மறுப்பில்லை.

இங்கே சோதனை கழுத்தை நெரிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளியை அனுப்பும் லேசரின் அலை ஒரு நிலையில் நிற்காது. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாங்கும் கருவி கணித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணிப்பு அரைச்சுற்று பிசகினால், 'ஆம்' எல்லாம் 'இல்லை' ஆகிவிடும். கருவிக்கோ எல்லாம் சரியாகவே தோன்றும்! முன்பே தெரிந்த அடையாளம் ஒன்றை இடையிடையே அனுப்பினால்தான் பிசகு பிடிபடும். இந்த எளிய விஷயம் இங்கே யாருக்கும் ஏறமாட்டேன் என்கிறது.

அன்புடன்
சிகாபுதீன்

*

இங்கிலாந்து
2-5-1985

ஜுமைலா,

நீ குலா கேட்டிருப்பதாக ஜமாத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உனக்கென்ன பைத்தியமா? நான் கேட்கச் சொன்னது பள்ளிக்கூட வேலையை! உன் இரண்டாவது கடிதம் மார்ச்சிலேயே வந்தது. சோதனை முடியட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். நேற்றுத்தான் படித்தேன். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டது உன் பிசகு. உடனே போய் நிறுத்து.

சிகாபுதீன்

*

கொச்சங்காடி
16-5-1985

சிகாபுதீன் அவர்களுக்கு,

இது உங்கள் 2-5-1985 கடிதத்துக்குப் பதில்.

நான் பிசகவில்லை. தேதியைப் பார்த்தேன், மூன்றே நாளில் என் இரண்டாவது கடிதம் அங்கே வந்திருக்காது; நீங்கள் கேட்கச் சொன்னது வேலையை என்று அன்றே தெரியும். வேலையைக் கேட்டேன், கிடைத்தது. அப்புறம் என் 10-3 கடிதத்துக்குப் பதில் வரும் என்று ஏப்ரல் பாதிவரை தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். வரவில்லை, அதன் பிறகுதான் குலா கேட்டேன். நீங்கள் அதைப் பிரிக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. எனக்கு வேறென்ன பதில் வேண்டும்?

குலாக் காகிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று குறிக்க வேண்டாம். இனி நான் எழுதப் போவதில்லை.

ஜுமைலா