கூடுதலாக வந்த எடை

செவ்வாய், இரவு.

நெடிய ஆலோசனைக்குப் பின் இன்று ஒரு வரலாற்று முடிவை எடுத்தேன்: நெஞ்சு முடியை மழித்துக்கொண்டேன். எடை குறைவாகப் பிறந்த மகளைத் தோலோடு தோலாக அணைத்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் தினமும் சட்டையில்லாமல் உட்காருகிறேன்.

குளிரக்கூடாதென்று குழந்தையைத் துணியோடு நிறுத்து, துணியின் எடையைக் கழிப்பது அங்கே வழக்கம். மாலையில் அப்படி நிறுத்த மலையாளி நர்ஸ், அப்பாவின் சூடு பிரமாதம் என்று தன் பாஷையில் மெச்சிச் சிரித்தார்.

"அச்சனோட சூடு கொள்ளாம் கேட்டோ! வேண்டிய எடை வந்தாச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

மனைவி உடனே பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

ஒரே நாளில் இவ்வளவா? என் நெஞ்சின் மகிமையில் எனக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. மதியம்தான் நாகர்கோவிலிலிருந்து வந்த மாமியார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் துணியை விலக்கினேன். இடுப்பில் புது அரைஞாண். அதில் கனத்த வெள்ளித் தாயத்து.

"கண்ணு படாம இருக்கத்தான் கட்டுனேன். பிள்ள வளந்தாலும் மாப்பிளைக்குச் சந்தேகமா?"

"பேசாம இருங்களேன்" என்றாள் மனைவி, என்னிடம்.

நர்ஸைக் கூப்பிட்டேன். தாயத்தைக் கழற்றி மறுபடியும் நிறுத்தார்.

மனைவி பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.